வேலை செய்யும் பாகத்துக்கு வண்ணம்

சைக்கிள் சட்டத்தில் இன்ஜின் பொருத்தி ஓட்டுபவர்களுக்கும் பழைய மொபெட் வைத்திருப்பவர்களுக்கும் இது தெரியும்: இந்த வண்டிகளில் இன்ஜினை மறைக்க எதுவும் கிடையாது. பெரிய மோட்டார் சைக்கிளில் டேங்க், பக்கத் தகடுகள், பிளாஸ்டிக் முகப்பு என்று கண்ணை இழுக்கப் பல பொருட்கள் உண்டு. இங்கே சட்டத்தின் நடுவில் இன்ஜின் வெட்டவெளியாக நிற்கிறது. அதன் இரு பக்கமும் மூடியிருக்கும் கவர்கள்தான் வண்டியின் முகம். அவை வெளுத்து, வெள்ளையாக உப்புப் பூத்து, பழைய பெயின்ட் செதில் செதிலாக உரிந்து கிடந்தால், மற்ற பாகங்களை எவ்வளவு துடைத்தாலும் வண்டி களையிழந்துதான் தெரியும்.

அதனால்தான் வண்டியைத் தானே பராமரிக்கும் எவரும் முதலில் கைவைக்க நினைப்பது இந்தக் கவர்களில். சில ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கவர் கையோடு வந்துவிடும். ஒரு ஸ்ப்ரே டப்பா போதும். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் என்று தோன்றும். வேலை சிறியதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அழகுக்காக ஒட்டிய தகடாகக் கவரை நினைத்துவிடக்கூடாது. அது ஆயிலையும் கிரீஸையும் உள்ளே நிறுத்துகிறது, போல்ட்டின் இறுக்கத்தைத் தாங்குகிறது, சூட்டை வெளியே விடுகிறது, மேலிருந்து சொட்டும் பெட்ரோலையும் பக்கத்திலிருந்து உரசும் ஷூவையும் கீழிருந்து தெறிக்கும் சேற்றையும் வாங்கிக்கொள்கிறது. வேலை செய்யும் ஒரு பாகத்துக்கு வண்ணம் அடிக்கிறோம் என்ற நினைப்போடு தொடங்கினால், எந்தப் பெயின்ட், எவ்வளவு, எங்கே படக்கூடாது என்ற எல்லாக் கேள்விகளுக்கும் கவரே பதில் சொல்லிவிடும்.

முதலில் சூட்டை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் என்றாலே நெருப்பு என்ற எண்ணத்தில், கிடைப்பதிலேயே அதிக வெப்பம் தாங்கும் டப்பாவைத் தேடிப் பலரும் போகிறார்கள். 650 டிகிரி செல்சியஸ் என்று அச்சிட்டிருந்தால் நிம்மதியாக வாங்கிவருகிறார்கள். கவருக்கு அது பொருந்தாத தேர்வு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவர்களுடைய கவர்களும் இந்த ஓர் இடத்தில்தான் கெடுகின்றன.

காற்றால் குளிரும் சிறிய இன்ஜினில் எல்லா இடத்திலும் ஒரே சூடு இருப்பதில்லை. சைலன்சர் குழாய் சிலிண்டரை விட்டு வெளியேறும் இடத்தில் பல நூறு டிகிரி இருக்கும். சிலிண்டர் தலையின் துடுப்புகள் 150 முதல் 200 டிகிரிவரை போகலாம். கிளட்ச் கவரும், பொறிக்கான மின்சாரம் தரும் மேக்னெட்டை மூடும் மேக்னெட் கவரும் எரிப்பு அறையிலிருந்து தள்ளி இருப்பவை; நெடுந்தூரம் ஓடிவந்து நிறுத்தினாலும் பெரும்பாலும் 100 டிகிரியைச் சுற்றியே இருக்கும். சைக்கிளில் பொருத்தும் இன்ஜின்களில் இன்னும் குறைவாகவே இருப்பதுண்டு. 80 சி.சி. என்ற பெயரில் வரும் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்கள் பலவற்றில் சிலிண்டர் விட்டம் 47 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக் 38 மி.மீ.; கணக்குப் போட்டால் கொள்ளளவு 66 சி.சி.தான் வருகிறது. அவ்வளவு சிறிய இன்ஜினின் கிளட்ச் கவருக்கு, சைலன்சருக்கான பெயின்ட் எதற்கு?

தேவையில்லை என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. அது கெடுதலும் செய்கிறது. 650 டிகிரி தாங்கும் பெயின்டில் இருப்பது சிலிக்கோன் பிசின். அது காற்றில் உலர்ந்துவிட்டதுபோலத் தெரியும், தொட்டால் ஒட்டாது, ஆனால் உண்மையில் இறுகியிருக்காது. இறுகுவதற்கு அதற்குச் சூடு வேண்டும். டப்பாவின் முதுகிலேயே அதை எழுதியிருப்பார்கள்: 120 டிகிரியில் அரை மணி நேரம், ஆறவிட வேண்டும், 200 டிகிரியில் அரை மணி நேரம், மறுபடி ஆறவிட வேண்டும், பிறகு 315 டிகிரியில் அரை மணி நேரம். சைலன்சரில் அடித்தால் வண்டி ஓடும்போதே அந்தச் சூடு கிடைத்துவிடும். கவருக்கு அது வாழ்நாளில் ஒருமுறைகூடக் கிடைக்காது. இறுகாத பெயின்ட் நகம் பட்டால் பொடியாக உதிர்கிறது. ஒரு சொட்டுப் பெட்ரோல் விழுந்தால் துணியோடு வந்துவிடுகிறது. அதிக வெப்பம் தாங்குவது அதிகத் தரம் என்று நம்பி வாங்கியவர், பெயின்டையே குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

கவருக்கு ஏற்றது இன்ஜின் எனாமல் என்ற பெயரில் விற்கும் வகை. அதன் வரம்பு பொதுவாக 260 டிகிரியை ஒட்டி இருக்கும். கவருக்கு அது தாராளம். பெரும்பாலான தயாரிப்புகள் அறை வெப்பத்திலேயே இறுகத் தொடங்கும். 90 டிகிரியைச் சுற்றி 20 நிமிடம் சூடேற்றினால் இன்னும் கெட்டியாகும். அந்தச் சூட்டை இந்த இன்ஜினே தந்துவிடும்.

அடுத்தது பெட்ரோல். சூட்டைவிடக் கவரைக் கெடுப்பதில் பெட்ரோலுக்கே பெரிய பங்கு என்பது என் எண்ணம். சிறிய வண்டிகளில் கார்புரேட்டரும் பெட்ரோல் குழாயும் கவருக்கு நேர் மேலே இருக்கின்றன. கார்புரேட்டரின் ஊசி வால்வில் தூசு சிக்கினால் பெட்ரோல் வழியும். குழாயைக் கழற்றும்போதெல்லாம் சில சொட்டுகள் விழும். சுவருக்கும் மேசைக்கும் அடிக்கும் சாதாரண அக்ரிலிக் லாக்கர் வெறுமனே கரைப்பான் ஆவியாகி உலர்வது. மறுபடி கரைப்பான் பட்டால் மறுபடி கரையும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னும் வேகமாக. ஆகவே விலையும் நிறமும் பார்ப்பதற்கு முன், பெட்ரோல் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெட்ரோலுக்கு முழுப் பாதுகாப்பு வேண்டுமென்றால், நிறத்தின் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டில், இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் இரண்டு பாக வகை இருக்கிறது. இதிலும் டப்பாவில் வருவது உண்டு: அடியில் உள்ள ஊசியை அழுத்தினால் உள்ளே தனியாக அடைத்திருக்கும் ஹார்டனர் உடைந்து கலக்கும், அதன்பிறகு ஓரிரு நாளுக்குள் பயன்படுத்தி முடித்துவிட வேண்டும். பூச்சு கல்போல் இறுகும். ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடிய பொருள் அது. ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவுகூட ஆஸ்துமாவைக் கிளப்பும். சரியான சுவாசக் கவசம் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். அந்த வசதி இல்லாதவர்கள் நல்ல இன்ஜின் எனாமலோடு நிறுத்திக்கொள்வதுதான் முறை. ஒரு கவருக்காக மூச்சைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

கறுப்பு அடித்தால் இன்ஜின் நன்றாகக் குளிருமா என்பது எப்போதும் வரும் கேள்வி. கொஞ்சம் உண்மை இருக்கிறது. மெருகேற்றிய வெறும் அலுமினியம் வெப்பத்தைக் கதிராக வெளிவிடுவதில் மிக மோசம். முழுத்திறனில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாத அளவுக்கு மோசம். பெயின்ட் அடித்த பரப்பு பத்தில் ஒன்பது பங்கு வெளிவிடும். வியப்பு என்னவென்றால், இன்ஜினின் சூட்டில் வெளிப்படும் அகச்சிவப்புக் கதிருக்குக் கறுப்புப் பெயின்டும் வெள்ளைப் பெயின்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பு மிகக் குறைவு. மேலும் வண்டி ஓடும்போது சூட்டின் பெரும்பகுதியைக் கொண்டுபோவது காற்று. எனவே குளிர்ச்சிக்காகக் கறுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், பிடித்திருந்தால் தேர்ந்தெடுக்கலாம். கவனிக்க வேண்டியது கனம். துடுப்புகளுக்கு நடுவில் பெயின்ட் திரண்டு தங்கினால் அது சூட்டை உள்ளே கட்டிவைக்கும். எந்த நிறமானாலும் மெல்லிய பூச்சு போதும்.

இனி கழற்றும் வேலை. கவர் ஸ்க்ரூக்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும், நீளம் மாறும். நீளமானதைக் குட்டையானதன் துளையில் போட்டு இறுக்கினால் அடியில் முட்டி வார்ப்பு விரியும். குட்டையானதை நீளமானதன் துளையில் போட்டால் இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்து, அலுமினிய மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு கெட்டி அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, எந்தத் துளையிலிருந்து வந்த ஸ்க்ரூவோ அதே இடத்தில் குத்தி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பழைய இன்ஜின்களில் தலை நசுங்கும் அளவுக்கு ஸ்க்ரூக்கள் இறுகியிருக்கும். கையால் முறுக்கிப் பார்த்து, வழுக்குகிறது என்று தெரிந்த அந்த நொடியே நிறுத்திவிட்டு, சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரை எடுக்க வேண்டும். பல ஜப்பானிய வண்டிகளின் ஸ்க்ரூ தலையில் ஒரு சிறிய புள்ளி இருக்கும். அந்தப் புள்ளி தெரிந்தால் அதற்குரிய ஜப்பானிய அளவு டிரைவரையே பயன்படுத்துங்கள். சாதாரணப் பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுதாக உட்காராது.

கவரைக் கையில் எடுத்ததும் உள்பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மொபெட்டாக இருந்தால் கியர் ஆயில் படிந்திருக்கும். சைக்கிள் இன்ஜினின் கிளட்ச் கவர் என்றால் பெரும்பாலும் கிரீஸ். மேக்னெட் கவருக்குள் ஈரம் நுழையக்கூடாது; வயர் வெளியே வரும் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் இப்போதே மாற்றிவிடலாம். பெயின்ட் வேலையின் உண்மையான பலன்களில் இதுவும் ஒன்று. வழக்கமாகத் திறக்காத இடங்களைத் திறந்து பார்க்க ஒரு காரணம் கிடைக்கிறது.

சுத்தம் செய்வதில் ஒரு வரிசை உண்டு. முதலில் மண்ணெண்ணெயும் பிரஷும். பிறகு சோப்பு நீர். காய்ந்த பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலோ அசிட்டோனோ நனைத்த வெள்ளைத் துணி. துணியில் கறை வராத வரைக்கும் துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். இதோடு முடிந்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அச்சில் அழுத்தி வார்த்த அலுமினியத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் ஆயிலோடு கிடந்த கவர் அதை உறிஞ்சி வைத்திருக்கும். சூடான காற்று வீசும் கருவியால் கவரை மெதுவாகச் சூடேற்றிப் பாருங்கள். சுத்தமாகத் தெரிந்த பரப்பில், முதலில் ஓரங்களிலும் பிறகு ஸ்க்ரூ துளைகளைச் சுற்றியும், மங்கலான பழுப்பு நிறத்தில் ஈரம் கசியத் தொடங்கும். அதைத் துடைத்துவிட்டு மறுபடி சூடேற்றினால் மறுபடி கசியும். கசிவு நிற்கும்வரை இதைச் செய்தே ஆக வேண்டும். இல்லையென்றால் வண்டி ஓடும் முதல் நாளில் இன்ஜினின் சூடு இதே வேலையைச் செய்யும், பெயின்டுக்கு அடியிலிருந்து.

பழைய பெயின்டை நீக்கப் பெயின்ட் ரிமூவர் இருக்கிறது, பொறுமை இருந்தால் உப்புத்தாளும் போதும். ஆனால் காஸ்டிக் சோடாவையோ அது கலந்த அடுப்பு சுத்திகரிப்பானையோ அலுமினியத்தின் பக்கமே கொண்டுவரக்கூடாது. பெயின்டை உரிப்பதோடு நில்லாமல் உலோகத்தையும் தின்னும். வெளிவரும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பிடிக்கும் வாயு. இரும்புக் கம்பி பிரஷையும் தள்ளிவைத்துவிடுங்கள். அதன் துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, பிறகு பெயின்டுக்கு அடியில் துருப் புள்ளிகளாக எழும்பும். நைலான் பிரஷும், பாத்திரம் தேய்க்கும் பட்டையைப்போன்ற உராய்வுப் பட்டையும் போதுமானவை.

சில வண்டிகளில் கவர் அலுமினியமாக இல்லாமல் மக்னீசியக் கலவையாக இருக்கும். கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிட எடை குறைவாக இருப்பதே அடையாளம். அதைத் தேய்க்கும்போது வரும் தூள் எளிதில் தீப்பற்றும். அமிலம் பட்டால் அரிக்கும். சந்தேகம் இருந்தால் மெஷினால் தேய்க்காமல், ஈரமில்லாத கைத்தேய்ப்போடு நிறுத்திக்கொண்டு, அதற்கென்று உள்ள ப்ரைமரை, அதாவது அடிப்பூச்சை, பயன்படுத்துவது நல்லது.

இப்போது அலுமினியத்தின் குணத்தைப் பற்றி. தேய்த்துப் பளபளப்பாக்கிய மறுகணமே காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து அது ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. சில நானோமீட்டர் கனம்தான். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அந்த ஆக்சைடு 2000 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். அவ்வளவு உறுதியான, வழவழப்பான படலத்தின் மேல் பெயின்ட் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஒரு கல் தெறித்து ஓரிடத்தில் கீறல் விழுந்தால் அங்கிருந்து தாள் தாளாகக் கிளம்பிவிடும். இதற்கு இரண்டு வழி சேர்த்துச் செய்ய வேண்டும். 180 எண் உப்புத்தாளில் தொடங்கி 320-இல் முடித்து, கண்ணுக்கு ஒரே சீராக மங்கலாகத் தெரியும்வரை தேய்ப்பது ஒன்று. பாஸ்பாரிக் அமிலம் கலந்த எட்ச் ப்ரைமரை மெல்லியதாக அடிப்பது இன்னொன்று. அமிலம் ஆக்சைடைக் கடித்துப் பிடித்துக்கொள்கிறது. எட்ச் ப்ரைமரைக் கனமாக அடித்தால் அமிலம் உள்ளேயே தங்கி மேல் பூச்சைக் கெடுக்கும். உலோகத்தின் சாயல் லேசாகத் தெரியும் அளவே சரி. அதன் வெப்ப வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பு குறைவாக இருந்தால், எனாமல் தயாரித்தவர்களே விற்கும் இன்ஜின் ப்ரைமரை எடுத்துக்கொள்ளலாம்.

ப்ரைமர் அடிப்பதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த கட்டம் இதுதான். கவரைச் சாய்த்துப் பிடித்து மேலிருந்து சுத்தமான தண்ணீரை ஊற்றுங்கள். பரப்பு உண்மையிலேயே சுத்தமாக இருந்தால் தண்ணீர் ஒரே படலமாக, எங்கும் உடையாமல் பரவி இறங்கும். எங்காவது எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் அந்த இடத்தில் படலம் பிளந்து, தண்ணீர் முத்து முத்தாகத் திரளும். கண்ணும் விரலும் துணியும் காட்டிக்கொடுக்காத அழுக்கைத் தண்ணீர் காட்டிக்கொடுக்கிறது. பிளந்த இடத்தை மறுபடி துடைத்து, மறுபடி ஊற்றிப் பார்க்க வேண்டும். கவர் முழுவதும் படலம் உடையாமல் நின்றபின், சூடான காற்றில் நன்றாக உலர்த்த வேண்டும். அதன்பிறகு வெறும் விரலால் தொடக்கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சங்கிலிக்கு அடிக்கும் சிலிக்கோன் ஸ்ப்ரேயை அந்த அறையிலேயே பயன்படுத்தாதீர்கள். காற்றில் மிதந்து வந்து படியும் துளிகூடப் பெயின்டில் மீன்கண் போன்ற குழிகளை உண்டாக்கும்.

மாஸ்கிங் டேப் ஒட்டும் வேலையைப் பலர் அவசரமாக முடிக்கிறார்கள். கவரைப் பொறுத்தவரை, பெயின்ட் படும் இடங்களுக்குச் சமமான கவனத்தைப் படக்கூடாத இடங்களுக்கும் கொடுக்க வேண்டும். கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் பேக்கிங் உட்காரும் விளிம்பு வெறும் உலோகமாகவே இருக்க வேண்டும். அங்கே பெயின்ட் இருந்தால், போல்ட்டின் அழுத்தத்திலும் இன்ஜினின் சூட்டிலும் அது மெல்ல நசுங்கி நகரும். அது நகர்ந்த அளவுக்குப் போல்ட் தளரும், ஆயில் கசியும். போல்ட் தலை உட்காரும் வட்டத்துக்கும் இதே விதிதான். ஆயில் சீல் பொருந்தும் துளை, வழிகாட்டும் டோவல் பின் துளைகள், மரை உள்ள துளைகள், உள்பக்கம் முழுவதும், இவை எதிலும் பெயின்ட் கூடாது. உள்ளே அடித்த பெயின்ட் உரிந்தால் அந்தச் செதில்கள் போய்ச் சேருமிடம் கிளட்சும் பேரிங்கும்.

எர்த் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இக்னிஷனுக்கான எர்த் வயர் இன்ஜின் உடம்பில் போல்ட் செய்யப்பட்டிருந்தால், அந்த இடம் பளிச்சென்ற உலோகமாக இருக்க வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, பொறி வரவில்லை என்று கார்புரேட்டரைப் பிரிக்கத் தொடங்குபவர்கள் முதலில் அந்த வட்டத்தைச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

டேப்பை விளிம்புக்கு ஏற்ப வெட்ட ஒரு நல்ல முறை இருக்கிறது. விளிம்பு முழுவதையும் மூடும்படி அகலமான டேப்பை ஒட்டிவிட்டு, சிறிய சுத்தியலால் விளிம்பின் ஓரத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், உலோகத்தின் கூர்முனையே டேப்பைச் சரியான கோட்டில் அறுத்துவிடும். மிகச் சிறிய தட்டல்கள் போதும். விளிம்பில் தழும்பு விழக்கூடாது. துளைகளுக்குப் பழைய போல்ட்டுகளையோ காதில் வைக்கும் பஞ்சு அடைப்பான்களையோ செருகிவிடலாம்.

ஸ்ப்ரே டப்பாவுக்கும் சூடான உலோகத்துக்கும் பிறவியிலேயே உறவு உண்டு. அழுத்தத்தில் தெளிக்கும் டப்பாவுக்கு நார்வேக்காரர் எரிக் ரோத்தைம் 1927-இல் காப்புரிமை பெற்றார். அதில் பெயின்டை அடைத்தவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த எட்வர்ட் சீமோர், 1949-இல். வீடுகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கான அலுமினிய நிறப் பெயின்டை வாடிக்கையாளர்களுக்கு அடித்துக்காட்ட எளிய வழி தேடினார். டப்பாவில் அடைத்துப் பார்க்கலாமே என்ற யோசனையைத் தந்தவர் அவருடைய மனைவி போனி. ஆக, முதல் ஸ்ப்ரே பெயின்டே சூடேறும் உலோகத்துக்கு அடிக்கும் வெள்ளி நிறம்தான். இன்ஜின் கவருக்கு டப்பாவைப் பயன்படுத்துவதை மட்டமான வேலையாக நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றும்.

டப்பாவுக்குள் இருக்கும் குண்டு அடியில் படிந்த நிறத்தைக் கலக்குவதற்கானது. குண்டின் சத்தம் கேட்கத் தொடங்கியபின் முழுதாக ஒரு நிமிடமாவது குலுக்க வேண்டும். நடுநடுவேயும் குலுக்க வேண்டும். குளிர்ந்த நாளில் டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் நிறுத்திவைத்தால் தெளிப்பு மெல்லியதாக வரும். கொதிக்கும் நீரில் வேண்டாம்; 50 டிகிரிக்கு மேல் டப்பா வெடிக்கும் ஆபத்து உண்டு. உள்ளே தள்ளும் வாயு புரோப்பேன், பியூட்டேன் போன்றது. பக்கத்தில் எங்கும் நெருப்பு இருக்கக்கூடாது. துணியால் மூக்கைக் கட்டிக்கொள்வது தூசைத்தான் தடுக்கும், கரைப்பானின் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் நின்று அடியுங்கள். ஈரப்பதம் மிகுந்த நாளைத் தவிர்த்துவிடலாம். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, அதில் ஈரம் படிந்தால் பூச்சு வெளுத்துப் பால் படிந்ததுபோல் ஆகிவிடும்.

25 செ.மீ. தள்ளிப் பிடித்து, கவருக்கு வெளியே தெளிப்பைத் தொடங்கி, கடந்துபோய், வெளியே நிறுத்த வேண்டும். முதல் பூச்சு கவரை மூடுவதற்கானது அல்ல. உலோகத்தில் பாதி தெரிந்தாலும் பரவாயில்லை. அடுத்த பூச்சு பிடிப்பதற்கான சொரசொரப்பு அது. பத்து நிமிட இடைவெளியில் அடுத்ததும், பிறகு கொஞ்சம் ஈரமாக இன்னொன்றும். ஸ்க்ரூ மேடுகளையும் உள்வளைவுகளையும் முதலில் அடித்துவிட்டுப் பிறகு தட்டையான பரப்புக்கு வந்தால் ஓரங்களில் பெயின்ட் திரளாது.

மறுபூச்சு நேரத்தை டப்பாவில் எழுதியபடியே பின்பற்றுங்கள். பல எனாமல்களில் ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பூச்சை முடிக்க வேண்டும், அல்லது பல நாள் காத்திருக்க வேண்டும். நடுவில் அடித்தால் பாதி இறுகிய அடிப்பூச்சைப் புதிய கரைப்பான் ஊறவைத்துக் கிளப்பும். கண் முன்னாலேயே பரப்பு முழுவதும் சுருங்கிவிடும். அதைச் சரிசெய்ய ஒரே வழி, உலோகம்வரை தேய்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது.

பெயர் எழுத்துகள் புடைத்து நிற்கும் கவராக இருந்தால் அவற்றை வெறும் உலோகமாகக் காட்டலாம். பெயின்ட் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும், தட்டையான சிறு மரக்கட்டையில் 400 எண் உப்புத்தாளைச் சுற்றி, எழுத்துகளின் தலைமேல் மட்டும் ஒரே திசையில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். முதல் சில இழுப்புகளில் எழுத்தின் விளிம்பு மட்டும் வெள்ளிக் கோடாகத் தெரியும். பிறகு உள்பகுதியும் திறந்து, கறுப்புப் பின்னணியில் முழு எழுத்தும் துலங்கி வரும். விரலால் அழுத்தித் தேய்த்தால் தாள் பள்ளத்தில் இறங்கிப் பின்னணியையும் சுரண்டிவிடும். கட்டை கட்டாயம் தேவை. வெளியே வந்த உலோகத்தின் மேல் பெட்ரோல் தாங்கும் கிளியர் கோட் அடித்தாக வேண்டும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: கிளியர் கோட்டுக்கு அடியில் உள்ள வெறும் அலுமினியத்தில், ஈரப்பதம் மிகுந்த இடங்களில், ஒரு சிறு கீறலிலிருந்து புழு ஊர்ந்த தடம்போல் மெல்லிய அரிப்புக் கோடுகள் கிளைவிடுவதுண்டு. எழுத்துகள் அளவுக்கு இது பெரிய ஆபத்து இல்லை. கவர் முழுவதையும் மெருகேற்றிக் கிளியர் கோட் அடிக்க நினைப்பவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும். எனக்குப் பார்க்க அழகாக இருக்கும் அந்த மெருகைவிட, பல மழைக்காலம் தாங்கும், பாதிப் பளபளப்புள்ள சாட்டின் கறுப்பு மேல்.

டேப்பைப் பெயின்ட் முழுதாக இறுகும் முன், கவரிலிருந்து வெளிப்பக்கமாக மடக்கி இழுத்து எடுத்துவிடுங்கள். இறுகிய பிறகு இழுத்தால் விளிம்பில் பிசிறு பிசிறாகக் கிழியும். அதன்பிறகு ஒருநாளாவது தொடாமல் வைத்துவிட்டு, புதிய பேக்கிங் போட்டுப் பூட்டலாம். 6 மி.மீ. போல்ட்டுகளுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். குறுக்கு வரிசையில், இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். ஸ்பேனர் நழுவிப் புதிய பூச்சைக் கீறாமல் இருக்க, தலையைச் சுற்றி ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்வது உதவும்.

முதல் ஓட்டத்துக்கு முன் இன்ஜினை நிறுத்திய இடத்திலேயே சில நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, முழுதாக ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடவிட வேண்டும். லேசான புகையும் பெயின்ட் வாசனையும் வருவது இயல்பு. கரைப்பானின் மிச்சம் வெளியேறுகிறது. இன்ஜின் ஆறிய பிறகு எல்லாப் போல்ட்டுகளையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். முதல் வாரத்தில் பெட்ரோல் சிந்தாமல் பார்த்துக்கொள்வதும், சிந்தினால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பதும் நல்லது. எனாமல் தன் முழு உறுதியை அடைய நாள் பிடிக்கும்.

எவ்வளவு நன்றாக அடித்தாலும் ஷூ உரசும் இடத்தில் பெயின்ட் தேயும். கணுக்கால் படும் மேடு, கிக்கர் திரும்பும் பாதை, பெடல் மிதிக்கும்போது குதிகால் தொடும் ஓரம், இவை மூன்றும்தான் முதலில் வெளுக்கும். அதற்காகக் கவரை மறுபடி கழற்ற வேண்டியதில்லை. மிச்சமுள்ள டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு மட்டும் வரும்வரை அழுத்தி முனையைச் சுத்தம் செய்து வைத்திருந்தால், அடுத்த ஆண்டும் பயன்படும். ஒரு மூடியில் கொஞ்சம் தெளித்து, மெல்லிய தூரிகையால் தொட்டு, தேய்ந்த இடத்தில் மட்டும் வைத்துவிடலாம். வைப்பதற்கு முன் அந்த இடத்தை ஆல்கஹாலால் துடைத்து, 400 எண் தாளால் இரண்டு இழுப்பு இழுக்க மறக்க வேண்டாம்.